பிள்ளையின் பைலைக் கேட்க எந்த வழி: ஆபீசருக்குக் கடிதமா, கோர்ட்டா, தகவல் உரிமைச் சட்டமா?

"பிள்ளைங்க ரெண்டும் இல்லத்துல இருக்குதுங்க. பைல்ல என்ன எழுதியிருக்காங்கன்னு தெரியல. யாரைக் கேக்குறது? கேட்டா குடுப்பாங்களா?"

குவைத்திலிருந்து திரும்பிய வாரம் என் அக்கா என்னிடம் கேட்டது இது. அவள் வெளிநாட்டில் இருந்தபோது, பிள்ளைகள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) தனியாக இருக்கிறார்கள் என்று யாரோ முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். நீதிமன்றக் கட்டளையோடு இரண்டு பேரையும் சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அவளுக்காக அலைந்ததில் நான் சிலவற்றைக் கற்றுக்கொண்டேன். இப்போது பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இதே கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள். தோட்டத்துத் தலைவர் "ஆபீசரைப் போய்ப் பாருங்க" என்று சொல்லியிருப்பார். டவுனில் ஒருவர் "லோயர் வைக்கணும்" என்றிருப்பார். ஏ.எல். படிக்கிற பையன் "ஆர்டிஐ போடுங்க" என்று தகவல் உரிமைச் சட்டத்தைச் சொல்லியிருப்பான். மூன்று பேர் சொன்னதும் சரிதான். ஆனால் மூன்று வழியிலும் கிடைக்கும் காகிதம் வேறு, போகும் காசும் நாளும் வேறு.

முதலில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் நலன்புரிக் கோப்பு முழுவதையும் பெற்றோர் பார்க்கலாம் என்று ஒரே வரியில் சொல்லும் சட்டம் இலங்கையில் இல்லை. நம் கையில் இருப்பவை துண்டு துண்டான உரிமைகள். 2015இல் வந்த 19ஆவது திருத்தம், தகவல் பெறும் உரிமையை 14அ உறுப்புரையாக அரசியலமைப்பில் சேர்த்தது. அதைச் செயல்படுத்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அரசே பிள்ளையைப் பிரித்து வைத்திருந்தால், பிள்ளைக்குக் கேடு இல்லாதவரை, அது எங்கே இருக்கிறது என்பதைப் பெற்றோர் கேட்கும்போது சொல்ல வேண்டும் என்கிறது அதன் 9ஆம் உறுப்புரை. இந்தத் துண்டுகளில் எதை எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி.

## முடிவெடுக்குமுன் பார்க்க வேண்டியவை

காகிதம் எந்த அலுமாரியில் இருக்கிறது? மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம். பைல் என்று நாம் ஒன்றாகச் சொன்னாலும், ஒரு பிள்ளையைப் பற்றிய காகிதங்கள் நாலைந்து இடங்களில் கிடக்கும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் வீட்டுக்கு வந்து பார்த்த குறிப்பு இருக்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தரிடம் (புரொபேஷன் ஆபீசர்) குடும்பத்தைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை இருக்கும். நீதவான் நீதிமன்றத்தில் கட்டளையும் தவணைக் குறிப்புகளும் இருக்கும். இல்லத்தில் அனுமதிப் பதிவும் பராமரிப்புத் திட்டமும் இருக்கும். யாராவது 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்திருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிலும் ஒரு பதிவு இருக்கும். "பைல் வேணும்" என்று மொத்தமாகக் கேட்டால், "அது ரகசியம்" என்று மொத்தமாக மறுப்பது சுலபம். காகிதத்தின் பேரைச் சொல்லிக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டி வரும்.

அடுத்த தவணை, அதாவது நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கும் நாள், எப்போது? ஒரு மாதத்துக்குள் என்றால் மற்றதெல்லாம் பிறகு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எத்தனை பேர் போகும்? மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போய்வரும் ஒவ்வொரு பயணத்துக்கும் பஸ் காசோடு ஒரு பேரையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

எந்த மொழியில் வரும்? அறிக்கைகள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும்.

பிள்ளை நம்பிச் சொன்னது வெளியே வருமா? பெற்றோர் யோசிக்க மறக்கும் விஷயம் இது. ஒரு பிள்ளை உத்தியோகத்தரிடம் தனியாகச் சொன்னது பிள்ளைக்குச் சொந்தம். அதையும் சேர்த்து வெளியே இழுக்கும் வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

## வழி 1: ஆபீசருக்கு எழுத்தில் ஒரு கடிதம்

வாயால் கேட்பதை நான் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. அக்கா நன்னடத்தை உத்தியோகத்தரின் கந்தோருக்கு நாலு தரம் போனாள். "சேர் பீல்டுக்குப் போயிட்டாரு", "வெள்ளிக்கிழமை வாங்க", "இன்னைக்கு மீட்டிங்." நாலு நாள் பேர் போனது. அவள் வந்து கேட்டாள் என்பதற்கு அந்தக் கந்தோரில் ஒரு வரிகூட இல்லை.

ஐந்தாவது தரம் ஒரு பக்கக் கடிதத்தோடு போனோம். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியோடு முத்திரை வாங்கினோம். முத்திரை வைக்க அந்த கிளார்க் தயங்கியபோது அக்கா கவுண்டரை விட்டு நகரவில்லை. பத்து நாளில் கூப்பிட்டார்கள். உத்தியோகத்தர் கெட்டவர் அல்ல. அவர் மேசையில் நாடா கட்டிய பைல்கள் முழங்கை உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. எழுத்தில் வந்தது மேலே ஏறும், வாயால் சொன்னது அடியில் போகும். அவ்வளவுதான்.

இந்த வழியின் நல்லது, செலவு குறைவு, உறவு கெடாது. இரண்டாவதைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். நாளைக்கு "இந்தத் தாயிடம் பிள்ளையைக் கொடுக்கலாம்" என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதப்போவது அதே உத்தியோகத்தர்தான். பிள்ளை எங்கே இருக்கிறது, எந்த நாளில் பார்க்கலாம், எந்தப் பள்ளிக்கூடம், உடம்பு எப்படி, அடுத்த தவணை எப்போது என்பவற்றுக்கு இந்தக் கடிதம் போதும்.

கெட்டது, பதில் சொல்ல வேண்டிய நாள் எதுவும் இல்லை. மறுத்தால் மேலே போக ஏணியும் இல்லை. சமூக விசாரணை அறிக்கையை இந்த வழியில் எதிர்பார்க்க வேண்டாம். அது நீதிமன்றத்துக்காக எழுதப்பட்டது. "கோர்ட்ல கேளுங்க" என்பார்கள், அதில் நியாயமும் உண்டு.

சரியான கந்தோரைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்தின் கையில் இருக்கின்றன. நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களுக்கு மத்திய மாகாணத் திணைக்களம். பதுளை, மொனராகலைக்கு ஊவா மாகாணத் திணைக்களம். கொழும்புக்கு எழுதினால் காலம்தான் போகும்.

## வழி 2: கட்டளை போட்ட நீதிமன்றம்

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்று கட்டளை போடப்படுவது 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ். மலையகத்தில் அந்தந்த நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமர்ந்து இதை விசாரிக்கிறது. பிள்ளையை இல்லத்துக்கு அனுப்புவது மட்டும்தான் அதன் அதிகாரம் என்று நினைக்கிறோம். பெற்றோரிடமே பிணை எழுதி வாங்கி ஒப்படைக்கலாம். பாட்டி, சித்தி போன்ற தகுந்த ஒருவரிடம் கொடுக்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வீட்டிலேயே விடலாம். எந்தக் கட்டளை போடப்பட்டது என்று தெரியாமல் அதை மாற்றச் சொல்லிக் கேட்க முடியாது. அதனால் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

அதற்கு வழக்கு இலக்கத்தோடு பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். சிறுவர் விவகாரம் என்பதால் நீதவானின் அனுமதி தேவைப்படலாம். அறிக்கைகளைப் பார்க்க, சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதவானுக்கு எழுத்தில் கொடுக்கும் வேண்டுகோள்) போட்டுக் கேட்பதுதான் நடைமுறை. நீதவான் முழுதாகக் காட்டலாம், சில பகுதியை மறைத்துக் காட்டலாம், சாராம்சத்தை மட்டும் சொல்லலாம். எதுவாக இருந்தாலும், உங்களைப் பற்றி எழுதியதற்குப் பதில் சொல்லும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. "தாய் வெளிநாட்டில், தந்தை குடிக்கிறார், வீட்டில் ஒரே அறை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால், தாய் திரும்பிவிட்டாள் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டிய இடம் அது. மற்ற வழிகளில் காகிதம் மட்டும் கிடைக்கும். இங்கே காகிதத்தின் மேல் ஒரு தீர்மானமும் கிடைக்கும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வழக்காளி தமிழில் மனு கொடுக்கலாம், நடவடிக்கையைப் புரிந்துகொள்ள அரச செலவில் மொழிபெயர்ப்பும் கேட்கலாம். கூண்டுக்கு முன்னால் நிற்கும்போது யாரும் இதை நினைவுபடுத்தமாட்டார்கள். நாமே வாய் திறந்து கேட்க வேண்டும்.

மறைந்த செலவு இங்கே அதிகம். தவணை தள்ளிப்போகும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பேர். சட்டத்தரணிக்கு ஒவ்வொரு வருகைக்கும் காசு. கையில் இல்லாவிட்டால் 1978இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானத்தைக் காட்ட கிராம உத்தியோகத்தரின் கடிதமும் தோட்டத்துச் சம்பளச் சீட்டும் கையோடு இருந்தால் ஒரு பயணம் மிச்சம்.

## வழி 3: தகவல் அறியும் உரிமைச் சட்டம்

பையன்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். இதன் பலம் நாட்கணக்கு. விண்ணப்பம் கிடைத்ததை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தருவதாக முடிவெடுத்தால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், இன்னும் 21 நாட்கள் வரை நீட்டலாம். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அவர் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை என்றே சட்டம் சொல்கிறது. கட்டணம் போட்டோ கொப்பிக் காசு அளவுதான்.

பலவீனம் 5ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவரின் தனிப்பட்ட தகவல், மருத்துவப் பதிவு, விசாரணையைக் கெடுக்கக்கூடியது, தகவல் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கக்கூடியது ஆகியவற்றை மறுக்கலாம். சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் தனிப்பட்ட தகவலைத் தரலாம். ஆனால் பிள்ளைக்காகப் பெற்றோர் சம்மதம் கொடுக்கலாமா என்பதைச் சட்டம் விரித்துச் சொல்லவில்லை. அரசே பிள்ளையைப் பொறுப்பெடுத்திருக்கும்போது அந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகும். அதனால் பிள்ளையின் மருத்துவ அறிக்கையையும் வாக்குமூலத்தையும் இந்த வழியில் கேட்டுக் காலத்தை வீணாக்காதீர்கள்.

இந்த வழியில் கேட்க வேண்டியது, அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்பதற்கான காகிதங்கள். எந்தத் திகதிகளில் வீட்டுக்கு வந்தார்கள்? இல்லத்தை எத்தனை தரம் பரிசோதித்தார்கள்? பெற்றோர் பார்வைக்கான விதிமுறைச் சுற்றறிக்கை எது? இல்லத்தின் பதிவு எந்தத் திகதி வரை செல்லும்? இவற்றில் பிள்ளையின் அந்தரங்கம் இல்லை, மறுக்கக் காரணமும் இல்லை. ஒரு ஆவணத்தில் கொடுக்கக்கூடாத பகுதி இருந்தால், அதை மட்டும் நீக்கி மீதியைத் தர வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. அதையும் விண்ணப்பத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். இல்லத்தை ஒரு சபையோ தொண்டு நிறுவனமோ நடத்தினால், அவர்களை விட்டு, அவர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் மாகாணத் திணைக்களத்திடம் கேளுங்கள்.

மலையகத்துக்கே உரிய ஒரு குழி இந்த வழியில் உண்டு. லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே ஒரு பெட்டியில் கிடந்து, யாரோ ஒருவர் கையில் எப்போதோ வந்து சேரும். மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். கடிதம் உங்கள் கைக்கு வரும்போது பாதி நாள் போயிருந்தால், எந்தத் திகதியில் கிடைத்தது என்று பிறகு வாதாட வேண்டி வரும். மேல் உறையில் "சிறுவர்" என்ற சொல் இருந்தால் தோட்டம் முழுக்கக் கதையும் ஆகிவிடும். டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர், ஆசிரியர், கோயில் அல்லது தேவாலய முகவரி என்று நம்பிக்கையான ஒன்றைக் கொடுங்கள். தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள்.

பேர் ஒத்துப்போகாத சிக்கல் எந்த வழியிலும் வரும். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். தாயும் தந்தையும் பதிவுத் திருமணம் செய்யாமல், சான்றிதழில் தந்தை பெயர் இல்லாமல் இருந்தால், தாயின் பெயரிலேயே விண்ணப்பியுங்கள்.

## நாலாவதாக ஒன்று

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஆகியவற்றைக் காகிதம் எடுக்கும் வழிகளாக நான் பார்ப்பதில்லை. பிள்ளை இருக்கும் இடத்தையே சொல்ல மறுத்தாலோ, மொழியையோ சாதியையோ காட்டி அவமதித்தாலோ அங்கே போகலாம். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடு. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கடிதம் | நீதிமன்றம் | தகவல் உரிமை |
|---|---|---|---|
| கிடைப்பது | இடம், பார்வை நாள், உடல்நலம், தவணை | கட்டளை, அனுமதித்தால் அறிக்கை | அதிகாரிகளின் நடவடிக்கைப் பதிவுகள், சுற்றறிக்கைகள் |
| காலம் | கெடு இல்லை | தவணையைப் பொறுத்தது | 14 வேலை நாளில் முடிவு; மேன்முறையீடு போனால் மாதங்கள் |
| கைச்செலவு | பஸ் காசு | சட்டத்தரணி. சட்ட உதவி உண்டு | போட்டோ கொப்பிக் காசு |
| மறைந்த செலவு | அலைச்சல் | தவணைக்கு ஒரு பேர் | விலாசச் சிக்கல், உத்தியோகத்தரோடு மனக்கசப்பு |
| மறுத்தால் | ஏணி இல்லை | மேல் நீதிமன்றம் | ஆணைக்குழு வரை ஏணி |

## யாருக்கு எது

தவணை ஒரு மாதத்துக்குள் இருந்தால் நீதிமன்றம்தான், யோசிக்கவே வேண்டாம். தகவல் உரிமைப் பதில் வருமுன் தவணை முடிந்துவிடும், பிள்ளை அதற்கடுத்த தவணை வரை அங்கேயே இருக்கும்.

பிள்ளை எங்கே என்றே தெரியாவிட்டால், அதே நாளில் கடிதமும் தகவல் உரிமை விண்ணப்பமும் கொடுங்கள். கேட்பவரின் உயிர் அல்லது ஆள் சுதந்திரம் பற்றிய கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும் என்ற விதி அந்தச் சட்டத்தில் உண்டு. பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கும்போதும் அதை ஏற்பார்களா என்பது உறுதியில்லை, ஆனாலும் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பார்க்கப் போனால் திருப்பி அனுப்புகிறார்கள், காரணம் சொல்வதில்லை என்றால் முதலில் கடிதம். மூன்று வாரம் பதில் இல்லையென்றால் தகவல் உரிமை. மனக்கசப்புக்குப் பயந்து அதற்கு மேலும் காத்திருக்க வேண்டாம்.

முறைப்பாடு கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்கத்தான் பைல் வேண்டும் என்றால், எந்த வழியிலும் போகாதீர்கள். அது கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அக்காவும் முதலில் அதைத்தான் கேட்டாள், பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டு. யார் சொன்னாலும் பிள்ளைகள் தனியாக இருந்தது உண்மைதானே என்று அம்மா கேட்டபிறகுதான் விட்டாள். வழக்கில் சாட்சியாக வருபவரை மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெரிய குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும். வீட்டில் பிள்ளைக்கு அடியோ அதைவிட மோசமானதோ நடந்திருந்து, செய்தவர் இன்னும் அதே வீட்டில் இருந்தால், பைலைக் கேட்கும் மனுவை நான் எழுதிக் கொடுப்பதில்லை. முதலில் அந்த ஆள் வெளியே போகட்டும்.

## அக்காவுக்குக் கிடைத்த ஒரு பக்கம்

கடிதத்துக்குப் பதிலாகக் கூப்பிட்டபோது, உத்தியோகத்தர் கட்டளையின் பிரதியை மேசையில் திருப்பி வைத்தார். முழுக்கச் சிங்களம். அக்கா விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்து, இலக்கங்கள் இருந்த இடத்தில் நிறுத்தினாள். அந்தப் பக்கத்தில் அவளால் வாசிக்க முடிந்தது அது மட்டும்தான். "இது என்ன திகதி சேர்?" "அது அடுத்த தவணை." பதினெட்டு வயது வரை பிள்ளைகளை விடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தவளுக்கு, ஆறு வாரத்தில் மீளாய்வு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தத் தவணைக்கு சட்ட உதவிச் சட்டத்தரணியோடு போனோம். மூத்தவன் இப்போது வீட்டில் இருக்கிறான். சின்னவளுக்கு இன்னொரு தவணை இருக்கிறது.

அன்று நாங்கள் கொடுத்த கடிதத்தின் உடல் இதுதான். பேர்களை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

"மேற்படி பிள்ளைகளின் தாயாகிய நான் பின்வருவனவற்றை எழுத்தில் தமிழில் தருமாறு கேட்கிறேன். 1. பிள்ளைகள் வைக்கப்பட்டுள்ள இல்லத்தின் பெயரும் விலாசமும். 2. நீதிமன்றத்தின் பெயர், வழக்கு இலக்கம், கட்டளையின் திகதி, அடுத்த தவணை. 3. நான் பிள்ளைகளைப் பார்க்கவும் தொலைபேசியில் பேசவும் கூடிய நாட்கள். 4. பிள்ளைகள் செல்லும் பாடசாலையும் தற்போதைய உடல்நிலையும். 5. பிள்ளைகளைத் திரும்பப் பெற நான் நிறைவேற்ற வேண்டியவை. ஏதாவது தர முடியாவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தரவும்."

ஐந்தாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்குக் கிடைத்த பதிலைத்தான் எங்கள் சட்டத்தரணி நீதவானிடம் காட்டினார்.